ஏற்கெனவே படித்ததுதானே என்று கேட்பவர்களுக்கு

“அதான் ஏற்கெனவே படிச்சதாச்சே, எழுந்து வா.”

இந்த ஞாயிற்றுக்கிழமையும் என் வாசிப்பை முடித்துவைத்தது இந்த வாக்கியம்தான். நெடுந்தொடர் நாவல் ஒன்றை மறுபடி படிக்க உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் இது பழக்கமான வாக்கியமாகத்தான் இருக்கும். சொல்கிற வாய் மட்டும் மாறும்.

வியாழக்கிழமையே வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஞாயிறு பிற்பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை என்னை யாரும் கூப்பிட வேண்டாம், பொன்னியின் செல்வனை மறுபடி தொடங்கப் போகிறேன் என்று சனிக்கிழமை இரவு இன்னொரு முறையும் நினைவூட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். செய்ய வேண்டிய வேலைகளை ஞாயிறு காலையிலேயே முடித்துவிட்டு, கைப்பேசியை அணைத்து அடுத்த அறையில் வைத்துவிட்டு, சரியாக இரண்டு மணிக்கு முதல் பக்கத்தைத் திறந்தேன். வேறு எவரும் தொந்தரவு செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று நாற்பது வரைக்கும் அந்த வீட்டில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது.

மூன்று நாற்பதுக்குக் கதையில் வரும் கடம்பூர் மாளிகையில் இருந்தேன். நள்ளிரவு, சிற்றரசர்கள் கூடியிருக்கிறார்கள், கதாநாயகன் வந்தியத்தேவன் மறைந்திருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த மூடுபல்லக்கு அங்கேதான் இருக்கிறது. முதல்முறை படிக்கும்போது அதில் வந்திருப்பவர் பழுவூர் இளையராணி என்றே நாமும் நம்பியிருப்போம். திரை விலகி, அரியணைக்கு ஆசைப்படும் இளவரசர் மதுராந்தகர் வெளியே வரும்போது வந்தியத்தேவனோடு சேர்ந்து நாமும் திடுக்கிட்டிருப்போம். இரண்டாம் முறை அப்படியல்ல. உள்ளே யார் என்று தெரிந்துகொண்டே அந்தப் பல்லக்கின் பின்னால் நடக்கிறோம். எந்த இடத்தில் ஆசிரியர் நம் கண்ணை வேறு பக்கம் திருப்பினார், எந்தச் சொல்லைப் போட்டு நம்மைச் சந்தேகப்படாமல் பார்த்துக்கொண்டார் என்று ஒவ்வொரு வரியாகத் தேடிக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கம் பின்னால் போய் ஒரு வாக்கியத்தைச் சரிபார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தில் ஒரு விரலும் இந்தப் பக்கத்தில் ஒரு விரலுமாக வைத்திருந்தேன்.

அப்போதுதான் அண்ணன் வந்து நின்றார். கையில் கைப்பேசி. அதில் ஒரு குடும்ப விழாவில் எடுத்த அறுநூற்றுச் சொச்சம் படங்கள். அவற்றில் நாற்பதைத் தேர்ந்தெடுத்து ஆல்பத்துக்கு அனுப்ப வேண்டுமாம். எப்போதைக்குள் என்று கேட்டேன். அடுத்த வாரத்துக்குள் என்றார். “அண்ணா, ஐந்து மணிக்கு வருகிறேன்” என்றேன். அவர் கதவருகிலேயே நின்றார். “ஐந்து மணிக்கு மேல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்கிறேன்” என்றும் சொன்னேன். அவர் உள்ளே வந்தார், என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், மேலே எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னார், புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடி மேசைமேல் வைத்தார்.

மூடினார். அடையாளத்துக்கு ஒரு துண்டுத் தாள்கூட வைக்காமல் மூடினார். இரண்டு விரல்கள் இரண்டு பக்கங்களில் இருந்ததை அவர் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் மூடினார். அவர் கெட்டவர் அல்லர். அலுவலகக் கோப்பு ஒன்றை நான் அப்படிப் பிடித்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டார். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் கையிலிருந்து பாடப்புத்தகத்தை வாங்கி மூடுவது அவர் கனவிலும் நடக்காது. புதிதாக வாங்கிய நாவலாக இருந்தால்கூட “சரி, முடிச்சிட்டு வா” என்றிருப்பார். மறுவாசிப்பு என்பதனால்தான் அந்தக் கை அவ்வளவு உரிமையோடு நீண்டது.

படங்களைப் பார்த்து முடிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. அன்று மாலை அதே அண்ணன் புதிதாக வந்த தொடர் ஒன்றின் மூன்று பகுதிகளை அடுத்தடுத்துப் பார்த்தார். நடுவில் யாரோ அவரைக் கூப்பிட்டபோது, “இருங்க, இதை நான் இன்னும் பார்க்கலை” என்றார். கூப்பிட்டவர் பேசாமல் திரும்பிப் போனார். புதியது என்றால் வீடே காத்திருக்கிறது. ஏற்கெனவே படித்தது என்றால் அந்த நேரம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்.

இந்த நினைப்பு முற்றிலும் தலைகீழானது. முதல் வாசிப்பு எந்த இடையூறையும் தாங்கும். வாரப் பத்திரிகையில் வந்த தொடர் என்பதால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு முடிச்சோடுதான் நிற்கும். அடுத்து என்ன என்ற தவிப்பே நம்மை இழுத்துக்கொண்டு வந்து புத்தகத்தின் முன்னால் உட்காரவைத்துவிடும். மூன்று நாள் விட்டாலும் கயிறு அறுவதில்லை. மறுவாசிப்பில் அந்தக் கயிறு கிடையாது. அடுத்து என்ன என்பது தெரியும். நம்மைப் பிடித்துவைத்திருப்பது, முதல் பாகத்தில் போகிறபோக்கில் சொன்ன ஒரு சொல் மூன்றாம் பாகத்தில் எங்கே போய்ப் பொருந்துகிறது என்று மனத்தில் சேர்த்துக்கொண்டே போகும் அந்தத் தொடர்ச்சி மட்டும்தான். குடந்தை சோதிடர் இளவரசி வானதிக்குச் சொல்லும் பலனை, அவளுக்கு என்ன நேரப் போகிறது என்று தெரிந்துகொண்டு கேட்பது வேறு அனுபவம். ஆனால் அந்தப் பலன் ஒவ்வொன்றும் நினைவில் நின்றால்தான் பின்னால் வருவதன் கனம் தெரியும். முதல் வாசிப்புக்குத் தேவைப்பட்டதைவிட நீண்ட, உடையாத நேரம் மறுவாசிப்புக்குத்தான் வேண்டும்.

“தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படி” என்று ஆறுதல் சொல்பவர்களிடமும் எனக்குக் கோபம்தான். ஐந்து பாகங்களும் சேர்த்து 293 அத்தியாயங்கள். ஓர் அத்தியாயத்துக்கு எனக்கு ஏறத்தாழக் கால்மணி நேரம் ஆகிறது. மொத்தம் 73 மணி நேரம். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள்கூட விடாமல் படித்தாலும் பத்து மாதம் ஆகும். பத்து மாதத்துக்கு முன்னால் படித்த வரியின் சாயல் எவருக்கு நினைவிருக்கும்? அதுவும் கதையாக மட்டுமே நினைவிருக்கும். கதைதான் எனக்கு முன்பே தெரியுமே! ஜெயமோகன் மகாபாரதத்தை இருபத்தாறு நாவல்களாக இணையத்தில் எழுதிய வெண்முரசை 2014 முதல் 2020 வரை அன்றன்று வந்தபடியே படித்து முடித்த வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதை முதலிலிருந்து இன்னொரு முறை படிக்க ஆசைப்பட்டால் எவ்வளவு நேரத்தை யாரிடமிருந்து மீட்டு வர வேண்டியிருக்கும் என்று எண்ணினால் எனக்கே மூச்சு முட்டுகிறது.

ஒலிநூலாகக் கேட்டுக்கொண்டே வேலை செய்யலாமே என்பார்கள். கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கம் பின்னால் போய் அந்தச் சொல்லைத் தேட அதில் விரலுக்கு இடமில்லை. திரைப்படம்தான் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்துவிட்டதே என்பார்கள். பார்த்தேன், பிடித்திருந்தது, பார்த்த பிறகு எனக்குப் புத்தகத்தைத்தான் மறுபடி எடுக்கத் தோன்றியது.

இது ஏதோ வெட்டிப் பழக்கம் என்பதுபோல் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1950 முதல் 1954 வரை இந்த நாவல் கல்கி இதழில் வாரந்தோறும் வந்தது. வாரம் முழுக்கக் காத்திருந்து படித்தவர்கள், படித்ததும் இதழைத் தூக்கி எறிந்துவிடவில்லை. தொடர் வந்த பக்கங்களை மட்டும் ஒவ்வொரு வாரமும் பிரித்தெடுத்துச் சேர்த்து, ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு பைண்டு செய்து வைத்தார்கள். எதற்காக? ஒருமுறை படித்ததோடு தீர்ந்துவிடும் என்றால் ஊசியும் நூலும் எதற்கு? ஏற்கெனவே படித்ததுதானே என்று கேட்கிறவர்களின் வீட்டிலேயே பாட்டியோ தாத்தாவோ அப்படி ஒரு தொகுப்பை வைத்திருந்திருக்கக்கூடும். மறுபடி படிக்கத் தகுந்தது என்று நினைத்தவர்கள் பாதுகாத்ததனால்தான் இது நம் கைவரைக்கும் வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை படங்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தபோது மணி நாலரை. அரை மணி நேரம் மீதி இருந்தது. மூடிய புத்தகத்தில் அந்த இரண்டு பக்கங்களையும் தேடினேன். பல்லக்கு கிடைத்தது, பின்னால் போய்ச் சரிபார்த்த அந்த வாக்கியம் கிடைக்கவில்லை. எதைக் கவனித்தேன், எந்தச் சொல் எனக்குப் பொறி தட்டியது என்பதே போய்விட்டது. தேடித்தேடி ஐந்து மணி ஆயிற்று. அதற்குள் அடுத்த வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்படித்தான் ஒவ்வொரு முறையும் நடக்கிறது. நடுவில் அறுந்து, வாரக்கணக்கில் இடைவெளி விழுந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் ஒன்றும் ஒட்டாது என்பதனால் முதலிலிருந்து தொடங்கி, மறுபடி நடுவில் அறுந்து… அலமாரியில் ஐந்து பாகங்களும் வரிசையாக நிற்கின்றன. ‘புது வெள்ளம்’ முதுகு மூன்று இடத்தில் வெடித்து, அட்டை பசைநாடாவில் தொங்குகிறது. ‘சுழற்காற்று’ ஓரங்கள் பழுத்திருக்கின்றன. ‘தியாக சிகரம்’ இன்னும் விறைப்பாக இருக்கிறது. திறந்தால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படபடவென்று பிரிகின்றன. பாகங்களிலேயே பெரியது அது, 91 அத்தியாயங்கள். விதைத்தவை எல்லாம் வந்து சேரும் இடம் அதுதான். முதல் பாகத்தை ஆறு முறை படித்திருக்கிறேன். இந்தக் கடைசிப் பாகத்தை, பதினேழு வயதில், ஒரே ஒரு முறை.