பழைய வெஸ்டர்ன் எளிமையானது என்று யார் சொன்னது?

அமெரிக்காவின் பழைய மேற்குப் பகுதியில் நடக்கும் கௌபாய் கதைகளான வெஸ்டர்ன் படங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே ஒரு தீர்ப்பு தயாராக வந்துவிடுகிறது. பழைய படங்களில் நல்லவன் நல்லவனாகவே இருப்பான், கெட்டவன் கெட்டவனாகவே இருப்பான், கடைசியில் நடுத்தெருவில் துப்பாக்கிச் சண்டை நடக்கும், நல்லவன் ஜெயிப்பான். மனித மனத்தின் இருட்டுப் பக்கத்தைக் காட்டியதெல்லாம் 1992-இல் வந்த கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'அன்ஃபர்கிவன்' படமும் அதற்குப் பின் வந்தவையும்தான். லயன் காமிக்ஸில் வெஸ்டர்ன் நாயகன் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்து, பிறகு படங்களுக்கு வந்த நண்பர்கள்கூட இதையே சொல்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

1943-இல் வந்த 'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரார் கூட்டமாகக் கிளம்பிப் போய் மூன்று பேரைத் தூக்கிலிடுகிறார்கள். அந்த மூவரும் குற்றமற்றவர்கள் என்பது பிறகுதான் தெரிகிறது. அந்தப் படத்தில் எந்த நல்லவன் ஜெயித்தான்? 1952-இல் வந்த 'ஹை நூன்' படத்தில் ஊரின் காவல் அதிகாரியான மார்ஷலாக வரும் கேரி கூப்பர் வீடு வீடாகப் போய் உதவி கேட்கிறார். அவர் காத்த ஊரே அவரைக் கைவிடுகிறது. எல்லாம் முடிந்தபின் அவர் தன் பதவிச் சின்னத்தைக் கழற்றி மண்ணில் எறிந்துவிட்டுப் போகிறார். இதில் எளிமை எங்கே இருக்கிறது?

பழையதா புதியதா என்ற வாதத்தைப் பொதுவாகப் பேசினால் முடிவே வராது. ஒரே கதை இரண்டு காலங்களில் படமாகியிருந்தால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு '3:10 டு யூமா'வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எல்மோர் லெனார்ட் 1953-இல் எழுதிய சிறுகதை அது. 1957-இல் டெல்மர் டேவ்ஸ் எடுத்தார், 2007-இல் ஜேம்ஸ் மேங்கோல்ட் எடுத்தார்.

இரண்டிலும் கதை ஒன்றுதான். மழையில்லாமல் காய்ந்துபோன பண்ணைக்காரன் டான் எவன்ஸ், 200 டாலருக்காக ஒரு வேலையை ஏற்கிறான். பிடிபட்ட கொள்ளைக்காரன் பென் வேடை யூமா சிறைக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட வேண்டும். கொள்ளைக்காரனின் கூட்டாளிகள் பின்னாலேயே வருகிறார்கள்.

1957 படம் ஒன்றரை மணி நேரம்தான். அதன் இரண்டாம் பாதியின் பெரும்பகுதி ஒரு ஹோட்டல் அறைக்குள் நடக்கிறது. கட்டிலில் ஒய்யாரமாகச் சாய்ந்தபடி வேடாக வரும் கிளென் ஃபோர்டு பேசிக்கொண்டே இருக்கிறார். எதிரே துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் டானாக வரும் வான் ஹெஃப்லினுக்கு வியர்க்கிறது. பணம் தருகிறேன் என்கிறான் வேட், இன்னும் அதிகம் தருகிறேன் என்கிறான், உன் மனைவிக்கு நல்ல உடை வாங்கித் தரலாமே என்கிறான். அடியும் இல்லை, உதையும் இல்லை. ஓர் ஏழையின் மானத்தை இன்னொருவன் இனிமையான குரலில் விலை பேசுகிறான். சண்டைக் காட்சிகள் நிறைந்த எத்தனையோ படங்களில் இல்லாத பதற்றம் இந்த அறைக்குள் இருக்கிறது.

அந்த ஊரில் ஆலெக்ஸ் என்று ஒரு குடிகாரன். யாரும் மதிக்காத அவன்தான் டானுக்குத் துணையாக நிற்கிறான். கொள்ளைக் கூட்டம் அவனை ஹோட்டலிலேயே தூக்கில் தொங்கவிடுகிறது. அதன்பிறகு வேலை கொடுத்தவரே வந்து, நீ போகலாம், பணத்தையும் தருகிறேன் என்கிறார். டான் மறுக்கிறான். அந்தக் குடிகாரனே உயிரைக் கொடுத்த பிறகு நான் எப்படிப் பின்வாங்குவேன் என்பதுதான் அவன் மனைவியிடம் சொல்வதன் சாரம். பணத்துக்காகத் தொடங்கிய வேலை, பணம் தேவைப்படாத வேலையாக நம் கண் முன்னே மாறுகிறது. படத்தின் உயிர் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

2007 படத்தை நான் குறைத்துப் பேசவில்லை. வேடாக ரஸ்ஸல் குரோவும் டானாகக் கிறிஸ்டியன் பேலும் அருமையாக நடித்திருக்கிறார்கள். வேடின் கூட்டாளி சார்லி பிரின்ஸாக வரும் பென் ஃபாஸ்டர் திரையில் தோன்றினாலே வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் படம் அந்த அறையை நம்பவில்லை. இடையில் அப்பாச்சி என்ற செவ்விந்திய இனத்தவரின் தாக்குதல், ரயில் பாதைத் தொழிலாளர் முகாம், துரத்தல் என்று அடுக்குகிறது. டானுக்கு உள்நாட்டுப் போரில் இழந்த கால், அதன் பின்னால் ஒளிந்திருக்கும் அவமானம், அப்பாவை மதிக்காத மகன் என்று காரணங்களைக் குவிக்கிறது. முடிவில் டானைக் கொன்றும் விடுகிறது. அதைக் கண்டு கொள்ளைக்காரன் தன் கூட்டாளிகளையே சுட்டுத் தள்ளிவிட்டு ரயிலில் ஏறுகிறான்.

நாயகன் செத்தால்தான் கதைக்குக் கனம் வரும் என்று யாரோ இன்றைய இயக்குநர்களை நம்பவைத்துவிட்டார்கள். பழைய படத்தில் டான் பிழைக்கிறான், கடைசியில் மழையும் பெய்கிறது. இதைப் பார்த்துத்தான் அது சிறுபிள்ளைத்தனமான முடிவு என்கிறார்கள். ஆனால் வேட் ஏன் தானே ரயிலில் தாவி ஏறுகிறான் என்று கவனியுங்கள். ஹோட்டலில் வேடைக் கொல்ல வந்த ஒருவனிடமிருந்து டான் அவனைக் காப்பாற்றியிருக்கிறான். யாருக்கும் கடன்பட்டிருக்க வேடுக்குப் பிடிக்காது. அதோடு, யூமாவிலிருந்து முன்பே தப்பித்தவன் அவன். அவன் திருந்தவே இல்லை. ஒரு கணக்கை மட்டும் தீர்க்கிறான். 2007-இன் வேட் மனம் உருகிப் போகிறான். இரண்டில் எது சிக்கலான மனிதன்?

பழையதுதான் எப்போதும் சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 'ட்ரூ கிரிட்' கதையில் என் வாக்கு முழுக்கப் புதியதற்கே. 1969 படம் ஜான் வெய்னுக்கு அவருடைய ஒரே நடிப்பு ஆஸ்கரைப் பெற்றுத் தந்தது. அது அவருடைய படமாகவே ஆகியும் போனது. ஆனால் மூல நாவலில் சார்லஸ் போர்ட்டிஸ் எழுதியது, தந்தையைக் கொன்றவனைத் தேடிப் போகும் பதினான்கு வயதுப் பெண் மேட்டியின் கதை. 2010-இல் கோயன் சகோதரர்கள் கதையை அவளிடமே திருப்பித் தந்தார்கள். மேட்டியாக நடித்த ஹெய்லி ஸ்டெய்ன்ஃபெல்டுக்கு அப்போது பதின்மூன்று வயது. குதிரை வியாபாரியிடம் அவள் பேரம் பேசி அவரைத் திணறடிக்கும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. இந்தப் படத்தில் பழிவாங்கலுக்கு விலை உண்டு. மேட்டி ஒரு கையை இழக்கிறாள், கடைசிவரை தனியாகவே வாழ்கிறாள். 1969 படம் அந்த விலையைக் கேட்கவே இல்லை. பத்துப் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்ட 2010 படத்துக்கு ஓர் ஆஸ்கர்கூடக் கிடைக்காதது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

பழைய படங்களை நான் மன்னிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. அது செவ்விந்தியர்களை அவை காட்டிய விதம். ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' 1956-இல் வந்த மகத்தான படம். ஜான் வெய்னின் பாத்திரத்துக்குள் இருக்கும் இனவெறியை அது துணிச்சலாகவே காட்டுகிறது. அப்படிப்பட்ட படத்திலும் கோமாஞ்சி தலைவனாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன். படம் எடுக்கப்பட்டது நவாஹோ என்ற வேறொரு செவ்விந்திய இன மக்களின் நிலமான மான்யுமென்ட் பள்ளத்தாக்கில். அந்த மக்களே கோமாஞ்சிகளாகக் குதிரையேறி வந்து போனார்கள்.

புதிய படங்களில் இந்தக் குறை தானாகவே நீங்கிவிடவில்லை. 2007-இன் யூமாவில் அப்பாச்சிகள் இரவில் சுட்டுவிட்டு மறையும் பெயரற்ற ஆபத்து, அவ்வளவே. மாறாக, கோயன் சகோதரர்களின் படத் தொடக்கத்தில் மூன்று பேரைத் தூக்கிலிடுகிறார்கள். இரண்டு வெள்ளையர்கள் தங்கள் கடைசி வார்த்தைகளைப் பேசி முடிக்கிறார்கள். மூன்றாவதாக நிற்கும் செவ்விந்தியர் வாய் திறந்ததும் முகமூடியை இழுத்து மாட்டிவிடுகிறார்கள். சில வினாடிகள்தான். ஆனால் அந்த வினாடிகள் சொல்வதைப் பல படங்கள் முழு நீளத்திலும் சொன்னதில்லை. 2023-இல் வந்த 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்' படத்தில் ஓசேஜ் என்ற செவ்விந்திய இனப் பெண்ணாக லில்லி கிளாட்ஸ்டோனின் முகத்தை அத்தனை நேரம் அருகிலிருந்து பார்க்க முடிந்தபோது, இது எவ்வளவு தாமதமாக வந்திருக்கிறது என்று கோபம்தான் வந்தது.

2007 யூமாவின் முடிவுதான் சிறந்தது என்று நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள், விரிவாகவே பேசலாம். ஒரே ஒரு வேண்டுகோள், முதலில் 1957 படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.