பழைய ஃபிரிட்ஜைக் கதவைக் கழற்றாமல் வெளியே போடாதீர்கள்
தாழ்ப்பாள் வைத்த பழைய ஃபிரிட்ஜுக்குள் குழந்தைகள் மாட்டிக்கொள்வதைப் பற்றிய கட்டுரையில், சட்டம் வந்ததோடு ஆபத்து போய்விட்டது என்று எழுதியிருப்பது சரியில்லை. அமெரிக்காவில் அதிபர் ஐசன்ஹோவர் 1956இல் கையெழுத்திட்ட சட்டம், 1958 அக்டோபர் கடைசியிலிருந்து தயாரான ஃபிரிட்ஜ்களுக்குத்தான் உள்ளேயிருந்து தள்ளினால் கதவு திறக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பு விற்றவை பல வருடம் கொல்லையிலும் குப்பைமேட்டிலும் கிடந்தன. அந்தத் தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தால் வெளியே கைப்பிடியை இழுத்தால்தான் விடும், உள்ளே காற்றும் போகாது, ஒளிந்த பிள்ளை கத்தினாலும் யாருக்கும் கேட்காது. இப்போது பழங்கால அழகு என்று அந்த ஃபிரிட்ஜையே தேடிப் பிடித்து வாங்கி, பீர் வைக்க கராஜில் நிறுத்துகிறார்கள்! பூட்டுப் போட்டிருக்கிறோம் என்பார்கள். சரி, பூட்ட மறந்த அன்றைக்கு? முதலில் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு கதவு மூடி நிற்கக் காந்தப் பட்டை போடுங்கள். தூக்கிப் போடுவதென்றால் கதவையே கழற்றிவிடுங்கள், உள்தட்டுகளை எடுக்காமல் அப்படியே விடுங்கள், அப்போது குழந்தை ஏறி உட்கார இடம் இருக்காது.