அந்த ஓட்டையை ஏன் அடைத்தீர்கள்?

போன மாதம் நல்லூரில் ஒரு கலியாண வீடு. மாப்பிள்ளையும் பொம்பிளையும் வந்து இறங்கியது ஒஸ்ரின் ஏ40 சோமசெற் என்ற பழைய இங்கிலாந்துக் காரில். கறுத்தச் சிவப்பு, முகம் பார்க்கலாம் போல பம்பர், பொனற்றில் மல்லிகை மாலை. பந்தலில் இருந்த சனத்தில் பாதி பொம்பிளையை விட்டுவிட்டுக் காரைப் பார்க்க வந்துவிட்டது, நானும் அந்தப் பாதியில்தான். இது எனக்குப் பழைய வியாதி. றோட்டில் ஏ40 ஒன்று வந்தால் எந்த வகை, டெவனா சோமசெற்றா என்று தூரத்திலேயே சொல்லிவிடுவேன். டெவன் கொஞ்சம் நெட்டையாக விறைப்பாக நிற்கும், சோமசெற் ஊதின பணிஸ் மாதிரி. மொறிஸ் மைனர் என்றால் முன்கண்ணாடியைப் பார்ப்பேன், நடுவில் கம்பி வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தியது. பின்பக்கம் மீன்செட்டை வைத்தது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். மனுசி இதற்காக எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள், சரி, அது வேறு கதை.

என்னோடு சித்தப்பாவும் வந்திருந்தார். முப்பது வருசத்துக்கு மேல் ஹயர், அதாவது வாடகைக் கார், ஓடின மனிசன். அவர் காரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார், நம்பரைக் குனிந்து பார்த்தார், பிறகு இடதுபக்கப் பின்கதவில், கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையை வைத்துத் தடவினார். மேலே ஒருக்கால், கீழே ஒருக்கால்.

"அடைச்சுப் போட்டாங்களடா தம்பி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அது எங்கடை கார். 2004இல் கொழும்பிலிருந்து வந்த ஒருவருக்கு விற்றது. அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது, பெருவிரல் போகிற அளவு. ஷெல் துண்டு கதவைத் துளைத்து உள்ளே சீற்றின் ஸ்பிரிங்கில் போய் நின்றது, அந்த நேரம் காரில் யாரும் இருக்கவில்லை. மழைக்குத் தண்ணீர் வராமல் சித்தப்பா பழைய செருப்பில் ஒரு றப்பர் துண்டு வெட்டி அதில் செருகியிருந்தார். சின்ன வயதில் பின்சீற்றில் இருந்து அந்த றப்பரைத் தோண்டி எடுத்து, ஓட்டையால் றோட்டைப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. அடியும் வாங்கியிருக்கிறேன்.

காரின் இப்போதைய சொந்தக்காரர் நல்ல மனிசன், ஆசை ஆசையாக எல்லாம் காட்டினார். கண்ணாடி றப்பர் இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தாராம், நிறம் அந்தக் காலத்து ஒஸ்ரின் நிற அட்டையைப் பார்த்துக் கலந்ததாம். "முழுக்க ஒறிஜினல், அண்ணை" என்றார். எனக்கு அந்தச் சொல்லில்தான் பிரச்சினை.

எது ஒறிஜினல்? பேர்மிங்ஹாம் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றைக்கு இருந்த மாதிரியா? சோமசெற் அங்கே செய்யப்பட்டது 1952இலிருந்து 1954 வரைதான். அதற்குப் பிறகு இந்தக் கார் காங்கேசன்துறை றோட்டில் ஓடியது அரை நூற்றாண்டு. அந்த அரை நூற்றாண்டை மணல்தாள் போட்டு உரஞ்சி எடுத்துவிட்டு மிச்சத்துக்கு ஒறிஜினல் என்று பெயர் வைத்தால் எப்படி?

யாழ்ப்பாணத்தான் பழைய காரில் உயிர், அதனால்தான் இவ்வளவு கார் தப்பியது என்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எழுதுகிறார்கள், படம் போடுகிறார்கள். உயிரும் இல்லை மயிரும் இல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, புதுக் கார் இறக்க விடவில்லை, அதனால் இருந்ததை வைத்து ஓட்டினோம். 1977க்குப் பிறகு கதவைத் திறந்துவிட்டார்கள், தெற்கில் ஜப்பான் கார் வந்து குவிந்தது. எங்களுக்கு அது ஆறுதலாக வந்து சேர முதலே சண்டை வந்துவிட்டது. வேறு வழி இல்லாமல் வைத்திருந்த கார்கள் இவை.

1990க்குப் பிறகு வடக்குக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, பென்ரோர்ச் பற்றரிகூட இல்லை. அப்போதுதான் இந்தக் கிழட்டு எஞ்சின்களின் அருமை தெரிந்தது. அமுக்கம் குறைந்த எஞ்சின் என்பதால் மண்ணெண்ணெயிலும் ஓடும், புது ஜப்பான் எஞ்சினுக்கு அது சரிவராது. ஆனால் குளிர்ந்திருக்கும்போது மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றாது. அதற்காகச் சித்தப்பாவிடம் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் இருந்தது, சூப்பி என்போம், அதில் பொன் மாதிரிப் பெற்றோல். கார்பரேற்றர் வாயில் நாலு பீச்சுப் பீச்சிவிட்டு முன்னுக்கு வந்து ஹான்டில் அடிப்பார், இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் எஞ்சினைச் சுற்றுவதுதான் அது. ஹான்டில் பிடிக்கவும் ஒரு முறை இருக்கிறது: பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், சுற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் முறிந்துவிடும். எங்கள் ஒழுங்கையில் அப்படிக் கட்டுப்போட்ட பெருவிரல்கள் இரண்டு மூன்று இருந்தன. பற்றினதும் வெள்ளைப் புகை, குசினி விளக்கின் மணம், வயிறு பிரட்டும். பிள்ளைப்பேற்றுக்குப் போன பெண்கள் எல்லாரும் அந்த மணத்துக்குள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அப்புறம் 1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரம் இருக்கிற வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் கிளம்பியது. எங்கள் காருக்குள் பதினொரு பேர், மேலே பாய், சட்டி, தையல் மெசினின் தலை, பின்னால் இரண்டு சைக்கிள் கட்டியிருந்தது. நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற றோட்டில் கார் ஓடியது என்று சொல்ல முடியாது, சனத்தோடு சேர்ந்து நடந்தது. நிறுத்தினால் திரும்பப் பற்ற வைக்கச் சூப்பியில் பெற்றோல் போதாது என்று சித்தப்பா எஞ்சினை நிறுத்தவே இல்லை. ஓட்டைக்குப் பக்கத்துச் சீற்று அம்மம்மாவுக்கு, மழை பெய்தது, ஒரு விரலை வைத்து அடைத்துக்கொண்டு வந்தா. றப்பர் துண்டை நான்தான் எங்கேயோ துலைத்திருந்தேன். இதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை, இன்றைக்கு எழுதிவிட்டேன்.

நியாயமாகப் பார்த்தால், திருத்துகிறவர்களை நான் திட்ட முடியாது. அவர்கள் வாங்காமல் விட்டிருந்தால் அந்தக் கார் இன்றைக்கு யாரோ ஒருவரின் வளவில் பலாமரத்துக்குக் கீழே கிடக்கும், கோழி முட்டையிடும். எங்கள் நாட்டுக் கைவேலை லேசுப்பட்டதும் இல்லை, தொண்ணூறுகளில் மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், கார் பிறந்த நாட்டுக்கே. துருவை வெட்டுங்கள், தளத்தை மாற்றுங்கள், பிரேக்கைக் கட்டாயம் மாற்றுங்கள். அலோய் வீல் போடுகிறவர்களைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதே ஆட்கள் நம்பர் தகட்டில் கைவைக்க மாட்டார்கள். இங்கிலீஷ் எழுத்து நம்பர் என்றால் விலை ஒன்று, சிங்கள ஸ்ரீ நம்பர் என்றால் இன்னொன்று. ஏன்? அதில் சரித்திரம் இருக்கிறதாம். இருக்கிறதுதான். 1957இல் வாகன நம்பரில் இங்கிலீஷ் எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கொண்டுவந்தபோது இங்கே அதை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதிப் போராட்டம் நடந்தது, தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். தகரத்தில் இருக்கிற ஒரு எழுத்து சரித்திரம் என்றால், அதே தகரத்தில் இருக்கிற ஓட்டை மட்டும் எப்படிப் பழுதாகிறது?

கலியாண வீட்டில் இதையெல்லாம் அந்த மனிசனிடம் சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு ஒரு ஓட்டம் தருகிறேன் என்றார், சித்தப்பா ஏறி இருந்தார், ஸ்ரியறிங் கம்பத்தில் இருக்கிற கியரை இரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். சாப்பாட்டுப் பந்தியில், "மணம் இல்லையடா" என்றார், அவ்வளவுதான்.

போன கிழமை சாவகச்சேரியில் ஒரு கேம்பிரிட்ஜ் கண்டேன். பின்செட்டை ஒன்றில் வரிசையாக மூன்று ஓட்டை, தகரம் உள்ளுக்கு மடிந்தபடியே இருந்தது. ஐயா ஒருவர், இப்பவும் சந்தைக்கு ஓடுகிறார், அடுத்த மாதம் பெயின்ற் அடிக்கப் போகிறாராம். துரு பிடிக்காமல் ஏதாவது பூசுங்கள், ஆனால் ஓட்டையை அப்படியே விடுங்கோ ஐயா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குள்ளால தண்ணி வந்து டிக்கியில வெங்காயம் அழுகுது தம்பி, நீங்கள் வந்து துடைப்பியளோ?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. றப்பர் வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.