ரோட்டோரம் வாம்பேட் அடிபட்டுக் கிடந்தா வண்டிய நிறுத்திப் பாருங்க

சிட்னியில இருக்குற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஸ்கூல் லீவுல கங்காரு வேல்லிக்கு கேம்பிங் போறீங்க, அதனாலதான் இதை எழுதுறேன். போன தடவ நாங்களும் அங்க பெண்டீலாங்குற கேம்பிங் இடத்துக்குப் போயிருந்தோம். இருட்டுற நேரம், அடுப்புல ரசத்தை சூடு பண்ணிட்டு இருக்கேன், டென்ட்டுக்கு வெளிய மாடு மேயுற மாதிரி சரக் சரக்னு சத்தம். எட்டிப் பாத்தா நாலடி தள்ளி ஒரு வாம்பேட், கங்காரு மாதிரி பையில குட்டி வளக்குற, வளை தோண்டி வாழுற குண்டு மிருகம். எங்களக் கண்டுக்கவே இல்ல, அது பாட்டுக்கு புல்லை அறுத்துத் தின்னுட்டு இருக்கு. பொண்ணு அசையாம நின்னு பாத்துட்டே இருந்தா.

மறுநாள் திரும்பி வர்றப்ப ரோட்டோரம் ஒண்ணு செத்துக் கிடந்துச்சு, உடம்பு மேல பெயின்ட்ல பெருசா ஒரு கிராஸ். இத்தனை வருஷமா இந்த மாதிரி எத்தனையோ பாத்திருக்கேன், அர்த்தம் மட்டும் தெரியாது. விசாரிச்சா, மீட்புக் குழு ஆளுங்க வந்து வயித்துப் பையில குட்டி இருக்கான்னு செக் பண்ணிட்டாங்கன்னு அதுக்கு அர்த்தமாம். அப்படின்னா குறி இல்லாம கிடந்ததை எல்லாம் யாரு பாத்தா? நானே எத்தனையைத் தாண்டி வந்திருப்பேன்னு நெனச்சா இன்னும் மனசு கேக்க மாட்டேங்குது.

வாம்பேட்டுக்குப் பையோட வாய் பின்பக்கம் பாத்து இருக்கும், கங்காருக்கு இருக்குற மாதிரி மேல பாத்து இருக்காது. முன்னங்காலால மண்ணைத் தோண்டிப் பின்னாடி தள்ளிட்டே போற ஜீவன், பை முன்னாடி தெறந்திருந்தா அவ்வளவு மண்ணும் குட்டி மேலதான் கொட்டும். பொறக்கும்போது ஒரு பயறு அளவுதான் இருக்கும் அந்தக் குட்டி, அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு மேல அந்தப் பைக்குள்ளயேதான் வளருது. கார் மோதி தாய் செத்தாலும் உள்ள அது உயிரோட இருக்கலாம், முன்பக்கமா பாத்தா ஒண்ணுமே தெரியாது, பின்னங்கால் பக்கம்தான் பாக்கணும். ஒரு ஈத்துக்கு ஒரே குட்டி, அதுவும் பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காதான், அதனால ஒவ்வொரு குட்டியும் முக்கியம்.

வண்டிய ஓரமா பத்திரமா நிறுத்தி ஹசார்ட் லைட் போட்டுட்டு இறங்குங்க. குட்டி இருந்தா தயவுசெஞ்சு பிடிச்சு இழுக்காதீங்க, காம்பை வாயில இறுக்கிப் பிடிச்சிருக்கும், இழுத்தா வாய் கிழிஞ்சிடும். உடனே வயர்ஸ் மாதிரி மீட்புக் குழுவுக்குப் போன் போடுங்க, என்ன பண்ணணும்னு அவங்களே சொல்லுவாங்க. பாவம் பசிக்குமேன்னு பசும்பால் குடுத்துடாதீங்க, அதுக்குச் செரிக்காது.

வாம்பேட்னா சதுரமா புழுக்கை போடும்ங்குற ஒரே விஷயம்தான் வாட்ஸாப்ல சுத்துது. அதுவும் அதிசயம்தான், குடலோட கடைசிப் பகுதி சில இடம் விறைப்பாவும் சில இடம் இளக்கமாவும் இருக்குறதால அப்படி முனை வருதாம். ஆனா என்னக் கேட்டா அதைவிடப் பெரிய விஷயம் அது தோண்டுற வளைதான். 2019-20 காட்டுத்தீக்கு அப்புறம் வளை வாசல்ல கேமரா வச்சுப் பாத்தாங்க, காட்டு எலி, உடும்புன்னு எத்தனையோ அதுங்களைப் பயன்படுத்துறது பதிவாச்சு. வாம்பேட் மத்த மிருகங்களை வளைக்குள்ள ஓட்டிட்டுப் போயி காப்பாத்துச்சுன்னு அப்ப பரவுனது மட்டும் உண்மை இல்ல.

அதே வளையிலதான் சொறியும் தொத்துது. சொறி வந்த வாம்பேட் சொறிப்பூச்சிய விட்டுட்டுப் போன வளையில இன்னொரு வாம்பேட் போயி படுத்தா அதுக்கும் வந்துடும். கண்ணு, காதெல்லாம் பொருக்கு கட்டி, பார்வை போயி, ராத்திரி மேய வேண்டியது பட்டப்பகல்ல தள்ளாடிட்டுத் திரியும். டாஸ்மேனியாவுல நரான்டாபு தேசியப் பூங்காவுல 2010க்கு அப்புறம் சில வருஷத்துலயே நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல இப்படிச் செத்துப்போச்சு. தன்னார்வலர்கள் வளை வாசல்ல தொங்குற மாதிரி ஒரு பலகை வச்சு அதுல சின்ன மூடியில மருந்து ஊத்தி வைக்கிறாங்க, வாம்பேட் முட்டிட்டுப் போறப்ப மருந்து முதுகுல கொட்டும். மாசக்கணக்கா திரும்பத் திரும்பப் போயி மருந்து நிரப்புறவங்க அவங்க, கேம்பிங் போறப்ப அந்தப் பலகையப் பாத்தா புடுங்கிப் போட்டுடாதீங்க.

பொழுது சாஞ்சா அந்த ரோட்டுல மெதுவா ஓட்டுங்க. எங்க டிக்கியில இப்ப ஒரு டார்ச்சும், குட்டிய சுத்தி வைக்க பழைய தலகாணி உறையும் இருக்கு, பொண்ணு எடுத்து வச்சது.