தாங்குவார்கள் என்பதற்காக வலிக்கச் செய்யலாமா?

"மூணு புள்ள பெத்தவங்களுக்கு இதெல்லாம் ஒரு வலியா அம்மா?"

இந்தக் கேள்வி காதில் விழாமல் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் உள்பரிசோதனையை முடித்துக்கொண்டு வந்த தோட்டத்துப் பெண் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன். நான் இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சிங்களம் ஓரளவு பேச வரும் என்பதால் லயத்து அக்காமாருக்குத் துணையாக கிளினிக்குக்கும் வார்டுக்கும் போய்வருவேன். இந்தக் கேள்வி எனக்கு மனப்பாடம். கேட்கும் ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது.

பிள்ளை பெற்றதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பிரசவத்தில் போட்ட தையலின் தழும்பு சிலருக்கு வருடக்கணக்கில் வலிக்கும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுறுப்பின் உள்தோல் மெலிந்து வறண்டுவிடும், சின்ன உரசலே எரியும். கிருமித்தொற்று இருந்தாலும், கர்ப்பப்பைக்கு வெளியே அதன் உள்சவ்வு போன்ற திசு வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் வலிக்கும். இது எதுவுமே இல்லாவிட்டாலும், பயந்த உடம்பில் இடுப்படித் தசை தானாக இறுகும், இறுகினால் வலி கூடும். அவள் வேண்டுமென்று செய்வதில்லை. 'லூசா விடுங்க' என்று அதட்டினால் இன்னும் இறுகும். ஆகவே "வலிக்குது மிஸ்" என்று ஒரு பெண் சொன்னால், எங்கே, எப்படி வலிக்கிறது என்று கேட்க வேண்டும். நோயைக் கண்டுபிடிக்க அதுவே வழிகாட்டும்.

'இவங்க தாங்குவாங்க' என்ற நினைப்புக்குப் பழைய வரலாறு உண்டு. அமெரிக்காவின் அலபாமாவில் 1845 முதல் 1849 வரை மாரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் அடிமைப் பெண்களின் உடம்பில் அறுவைச் சிகிச்சைகளைப் பரீட்சித்துப் பார்த்தார். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூன்று பேரின் பெயர் மட்டும் நமக்குத் தெரியும். அனார்க்காவுக்கு மட்டும் சுமார் 30 தடவை. ஈதர் மயக்க மருந்து 1846இல் எல்லோருக்கும் தெரியவந்துவிட்டது, இந்தப் பெண்களுக்குக் கொடுக்கப்படவில்லை. உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவியில் ஒரு வகைக்கு இன்றும் அவர் பெயர்தான். நியூயோர்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவருடைய சிலையை 2018 ஏப்ரலில் அகற்றினார்கள். நம் கிளினிக்கில் இருப்பவர்கள் யாரும் சிம்ஸ் இல்லை, அந்தக் கொடுமையோடு இதை ஒப்பிடவும் இல்லை. ஆனால் உழைக்கிற, ஏழையான, வேறு பாஷை பேசுகிற பெண்ணுக்கு வலி குறைவாகத்தான் தெரியும் என்ற எண்ணம் மட்டும் எங்கும் போய்விடவில்லை.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. ஜனவரி மாதம், புல்லில் பனி உறையும் காலம். ரெக்சின் கட்டிலில் படுத்திருக்கிறேன், திரைச்சீலை ஒரு முழம் குறைகிறது, அந்த இடைவெளிக்கு நேரே கதவு. யாரோ கொப்பி ஒன்றைத் தேடி உள்ளே வந்து போகிறார்கள். வாத்து அலகு மாதிரி இருக்கும் அந்த எவர்சில்வர் கருவி தட்டில் கிடந்தபடியே வந்தது. அந்தக் குளிரில் என் தொடை வெடுக்கென்று மூடிக்கொண்டது. "கோஒப்பரேட் பண்ணுங்க" என்றார்கள். அவ்வளவுதான் பேச்சு.

பிறகு வேறொரு கிளினிக்கில் ஒரு மிட்வைஃப் மிஸ்ஸைப் பார்த்தேன். பிளாஸ்கில் இருந்த சுடுதண்ணீரைக் கொஞ்சம் பச்சைத்தண்ணீரோடு கலந்து ஸ்பெகுலத்தை அதில் நனைத்தார். அக்காவின் உள்தொடையில் வைத்து, "சூடு சரியா அக்கா?" என்று கேட்டார். "இப்ப தொடப்போறேன். வலிச்சா கைய தூக்குங்க, நிப்பாட்டிருவேன்." அக்கா ஒருமுறை கையைத் தூக்கினார். மிஸ் உண்மையாகவே நிறுத்தினார். மூச்சை மெதுவாக விடச் சொல்லி, ஒரு அளவு சின்ன ஸ்பெகுலத்தை எடுத்தார். மிஞ்சிப்போனால் இரண்டு நிமிடம் கூடியிருக்கும்.

இதற்கு என்ன செலவு? சுடுதண்ணீர், ஒரு போர்வை, திரைச்சீலைக்கு இன்னொரு முழம் துணி. முன்கூட்டியே சலம் கழித்துவிட்டு வரச் சொல்வது. ஜெல் போட்டால் மாதிரி கெட்டுவிடும் என்று ஒரேயடியாக மறுக்கிறார்கள். தண்ணீரில் கரையும் ஜெல்லை வெளிப்பக்கம் கொஞ்சமாகத் தடவினால், கர்ப்பப்பை வாயில் செல் மாதிரி எடுத்துப் பார்க்கும் பெப் டெஸ்ட் பொதுவாகக் கெடாது. கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இடுப்பும் முழங்காலும் ஏற்கனவே போயிருக்கும், காலை விரித்து உயர்த்துவதே அவர்களுக்கு ஒரு வேதனை. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தும் பரிசோதிக்கலாம். விருப்பப்பட்டால் அந்தப் பெண்ணே தன் கையால் ஸ்பெகுலத்தை உள்ளே வைத்துக்கொள்ளவும் முடியும். வீட்டில் அடிவாங்கி, விருப்பமில்லாமல் தொடப்பட்டு வந்தவளுக்கு இந்தச் சின்ன அதிகாரம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

பாஷை தெரியாதவளுக்கு நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. அதனால்தான் கையைத் தூக்குகிற ஏற்பாட்டை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. கிளினிக்குக்குப் போனால் அன்றைக்கு வேலைக் கணக்கில் பேர் விழாது. அப்படிச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போன ஒருத்தி அழுதுகொண்டு திரும்பினால், அடுத்த நாள் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அது இன்னும் பெரிதாகும். பிறகு அந்த லயத்தில் இருந்து ஒருத்தியும் போகமாட்டாள். சுவநாரி கிளினிக் என்று நாம் சொல்லும் இந்தப் பெண்கள் நல கிளினிக் ஏற்பாடு 1996இல் தொடங்கியது. 35 வயதில் பெப் டெஸ்ட் எடுக்கச் சொல்வது சும்மா இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முற்ற பெரும்பாலும் 15, 20 வருடம் எடுக்கும், அதற்குள் பிடித்துவிட்டால் தடுத்துவிடலாம். 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடுகிறார்கள். நம் வயதுக்காரிகளுக்கு அது கிடைக்கவில்லை. எங்களுக்கு இந்தப் பரிசோதனைதான் இருக்கிறது.

மிட்வைஃப் மிஸ்மாரைக் குறைசொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அட்டைக்கடி பட்டு, மழையில் நனைந்து, பஸ் போகாத டிவிசனுக்கெல்லாம் நடந்து வருகிறவர்கள் அவர்கள்தான். ஒரு காலைக்குள் அத்தனை பேரையும் பார்த்து முடி என்று அவர்கள் தலையில் கட்டுகிறவர்களைத்தான் கேட்கிறேன். ஆளைக் கூட்டுங்கள். தமிழ் பேசுகிற ஒருவரை அந்த அறைக்குள் வையுங்கள். பெண் தானே மாதிரி எடுத்துக்கொடுக்கும் எச்பிவி பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. அதில் ஸ்பெகுலமே தேவையில்லை. அது தோட்டங்களுக்கு முதலில் வரவேண்டும், கடைசியில் அல்ல.

அக்காமாரே, தங்கச்சிமாரே, 35 ஆனவர்கள் அடுத்த கிளினிக் எந்த நாள் என்று மிஸ்ஸிடம் கேட்டு வையுங்கள். உள்ளே போனதும், "வலிச்சா கைய தூக்குவேன், நிப்பாட்டணும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போன முறை வலித்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சின்ன அளவு ஸ்பெகுலம் கேளுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை பக்கம் இருப்பவர்கள் இன்பாக்ஸில் எழுதுங்கள். பேசித்தர நான் கூட வருகிறேன்.