குண்டா இருக்கேன், எனக்கும் தெரியும்

'என்னடி இப்படி ஊதிட்ட?' இதற்குப் பெயர் நம்ம ஊரில் நலம் விசாரிப்பு. கல்யாண மண்டப வாசலில் சந்தனம் எடுக்கக் கை நீட்டியிருப்பேன், அதற்குள் ஒரு அத்தை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கேட்பார். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்? 'ஆமாம் அத்தை, ஊதிட்டேன்' என்றா? பெரியப்பாவுக்குச் சொட்டை போன வருஷத்தைவிட நாலு விரல் பின்னால் போயிருக்கிறது, மாமாவுக்கு முன்பல் ரெண்டைக் காணோம், அதையெல்லாம் யாராவது வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்கிறார்களா? அவர்களைக் கேட்டால் மரியாதைக் குறைவு. என்னைக் கேட்டால் மட்டும் அக்கறை.

இதே அத்தை பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, 'இவளுக்கு இன்னொரு ஜாங்கிரி வைப்பா' என்று பரிமாறுகிறவரைக் கூப்பிடுவார். வேண்டாம் என்று கையால் இலையை மறைத்தால் 'ஓ, டயட்டா?' என்று ஒரு சிரிப்பு. சரி என்று சாப்பிட்டால் 'அதானே பார்த்தேன்'. எப்படிப் போனாலும் உதைதான்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இதையே கேட்டு வளர்ந்தால் ஒருத்திக்கு என்ன ஆகும் தெரியுமா? யாரும் எதுவும் சொல்லாதபோதும் அந்தப் பார்வையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிவாள். குரூப் போட்டோ என்றால் கால்கள் தானாகப் பின்வரிசைக்குப் போகும், முன்னால் இழுத்துவிட்டால் யாருடைய குழந்தையையாவது வாங்கி வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். சோபாவில் உட்கார்ந்த உடனே மடிமேல் ஹேண்ட்பேக். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் நகர்கிற விதம் இருக்கிறதே, அந்த ஒரு உச்சுக்கொட்டல், அதற்காகவே அடுத்த வண்டி வரட்டும் என்று வெயிலில் நின்றிருக்கிறேன். ஆபீஸ் லிஃப்டில் கடைசி ஆளாக ஏறவே மாட்டேன். எனக்கு முன்னால் எத்தனை பேர் ஏறியிருந்தாலும் சரி, நான் கால் வைக்கும்போது அது 'பீப்' என்று கத்தினால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து நாலு மாடி ஏறியிருக்கிறேன். நல்ல உடற்பயிற்சிதானே என்று எவராவது கமெண்டில் வந்தால் பிளாக் செய்துவிடுவேன்.

அப்புறம் இந்த 'விசேஷமா?'. ஒருநாள் டவுன்பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு பாட்டி எழுந்து இடம் கொடுத்து 'உக்காரும்மா, எத்தனாவது மாசம்?' என்கிறார். நல்ல மனசு அந்தப் பாட்டிக்கு, அவரைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. 'இல்ல பாட்டி, நான் குண்டு, அவ்வளவுதான்' என்று அத்தனை பேர் முன்னால் விளக்கம் சொல்வதைவிடப் பொய் சொல்வது சுலபமாக இருந்தது. 'ஆறு' என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். என் நிறுத்தம் வரும்வரை குங்குமப்பூவையும் கனமான குடம் தூக்கக் கூடாது என்பதையும் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

துணிக்கடை தனி நரகம். குர்த்தியைக் கையில்கூட எடுக்கவில்லை, இந்தக் கோடியிலிருந்து விற்பனைப் பெண் 'மேடம், உங்க சைஸ் அதுல வராது' என்று குரல் கொடுக்கிறார். பிறகு உள்ளே எங்கேயோ போய், கறுப்பிலும் கரும்பச்சையிலும் கூடாரம் மாதிரி ரெண்டைக் கொண்டுவந்து போடுகிறார். ஒரு கடையின் எக்ஸ்எல் தோளில் தொளதொளவென்று தொங்கும், அடுத்த கடையின் டபுள் எக்ஸ்எல் முழங்கையைத் தாண்டி ஏறாது. மத்திய அரசின் தேசியக் குடும்பநல சர்வே, 2019-21இல் எடுத்தது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் என்கிறது. பத்தில் நாலு பேர்! கடைக்கு வருகிறவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நாலு பேருக்கும் ஒழுங்கான துணி தைத்து வைக்கத் தெரியாத கடைக்காரர், என்னவோ நான்தான் தப்பான உடம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்ட மாதிரி பார்க்கிறார்.

உடம்புக்கு ஆகாதும்மா, நல்லதுக்குத்தானே சொல்றோம் என்பார்கள். எனக்குத் தெரியாத எதைச் சொல்லப் போகிறீர்கள்? குண்டாக இருக்கிற ஒருத்திக்கு எடையைப் பற்றித் தெரிந்த அளவு உங்கள் வாட்ஸப் குரூப் மொத்தத்துக்கும் தெரியாது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று கணக்குப் போடுகிற பிஎம்ஐ, இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல் பருமன் என்பது தெரியும். தைராய்டு குறைவாகச் சுரந்தால் எடை ஏறும், பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருந்தால் இறக்குவது பெரும்பாடு, ஸ்டீராய்டு மாத்திரையும் சில மனநல மாத்திரைகளும் எடை போடவைக்கும் என்பதும் தெரியும். கொள்ளு ரசம், சீரகத் தண்ணீர், பேலியோ, ராத்திரி ரெண்டு சப்பாத்தி எல்லாம் பார்த்தாயிற்று. நடக்கலாம் என்று காலையில் கிரவுண்டுக்குப் போனால், சுவரில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் 'டேய், நிலநடுக்கம்டா' என்கிறார்கள். நடக்கவில்லை என்றால் சோம்பேறி, நடந்தால் வேடிக்கை. காதுவலி என்று டாக்டரிடம் போனேன். காதுக்குள் லைட் அடித்துப் பார்ப்பதற்கு முன்பே 'வெயிட்டைக் குறைங்க முதல்ல' என்றார். காதுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம் சார்? இந்தப் பேச்சுக்குப் பயந்தே உண்மையான நோய்க்குக்கூட டாக்டரைப் பார்க்காமல் தள்ளிப் போடுகிற பெண்களை எனக்குத் தெரியும்.

உங்கள் அக்கறை எதைப் பற்றியது என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முன் டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கஞ்சியும் உள்ளே நிற்காமல், முடி கொட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போன நாட்கள். தேறி வந்து ஒரு வளைகாப்புக்குப் போனபோது நான் கேட்ட பாராட்டு மாதிரி என் வாழ்க்கையில் கேட்டதில்லை. 'சூப்பரா இளைச்சுட்டியே!', 'முகத்துல ஒரு களை வந்திருக்கு பாரு', 'என்ன டயட், எங்களுக்கும் சொல்லேன்'. டைபாய்டு என்று சொன்னேன். ஒருத்தர் முகமும் மாறவில்லை. 'எப்படியோ, இளைச்சியே, அதை அப்படியே மெயின்டெயின் பண்ணு' என்றார் அந்த அத்தை. காய்ச்சலையா அத்தை?