நாற்காலியோடு தூக்கியதற்குக் கைதட்டியவர்களுக்கு

அந்தக் காணொளியை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நான் அதை மீண்டும் பகிரவில்லை. நம் ஊர்ப் புது அரசுக் கட்டடத்தின் மாடியில் இயங்கும் முதியோர் உதவித்தொகைப் பிரிவுக்கு ஒரு மூதாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு இரண்டு இளைஞர்கள் தூக்கிச் செல்கிறார்கள். கீழே "மனிதம் இன்னும் சாகவில்லை" என்று வரிசை வரிசையாகக் கைகூப்புகள். அங்கே நான் எழுதியது ஒரே ஒரு வரி: "புதிதாகக் கட்டிய இந்தக் கட்டடத்தில் அந்த அம்மா தாமாகவே போய்வர ஏன் வழியில்லை?" அதற்கு வந்த பதில்களில் என்னிடம் படித்த மாணவர் ஒருவருடைய பதிலும் உண்டு. "டீச்சர், நல்லதைப் பாராட்ட மனமில்லை என்றால் பேசாமலாவது இருக்கலாமே" என்று எழுதியிருக்கிறார். பேசாமல் இருக்க முடியவில்லை, தம்பி. ஒரு வரியில் சொன்னது புரியவில்லை போலும், விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தூக்கிய இளைஞர்கள்மேல் எனக்கு எள்ளளவும் குறையில்லை. கண்ணெதிரே ஒருவர் படியேற முடியாமல் நிற்கும்போது அவர்கள் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள். என் கேள்வி கட்டடத்தைப் பற்றியது. அந்தக் காணொளியை இன்னொரு முறை பாருங்கள். இளைஞர்களைப் பார்க்காமல் அந்த அம்மாவின் கைகளைப் பாருங்கள். ஒரு கை நாற்காலியின் பிடியை இறுகப் பற்றியிருக்கிறது. மற்றொரு கை முழங்காலுக்குக் கீழே புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது, மாடி வந்து சேரும்வரை. கீழே நின்ற ஆண்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டிருக்க, தம் வாழ்நாளெல்லாம் யார் கையையும் எதிர்பாராமல் களையெடுத்துப் பிழைத்த ஒருத்தி அந்த நேரத்தில் என்ன நினைத்திருப்பார் என்று கைகூப்பியவர்களில் ஒருவராவது யோசித்தீர்களா? அவரிடம் கேட்டுத்தான் அந்தக் காணொளியை வெளியிட்டீர்களா?

யாரோ ஒருவருடைய கருணை இருந்தால்தான் உள்ளே போக முடியும் என்றால் அது பொதுக் கட்டடம் ஆகாது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் வருகிறது என்று கேட்பவர்களுக்கு என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பென்னாகரம் பக்கம். பிறந்தது முதல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான் குடித்தார். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கடியில் இருப்பது பாறை. அந்தப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து தண்ணீரில் இறங்குகிறது என்பது இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் கறை விழுவதோடு நிற்பதில்லை. தசைநாரில் சுண்ணாம்பு படிந்து, முதுகெலும்பு இறுகி, முழங்கால் மடங்காமல் போகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கும் மேல் செலவாகி, 2013-இல் தண்ணீர் தரத் தொடங்கியது. நல்ல திட்டம், அதனால் அடுத்த தலைமுறை பிழைத்துக்கொள்ளும். ஆனால் இன்று அறுபதைத் தாண்டியிருக்கும் ஒவ்வொருவரும் அதற்கு முன்பே பாதி வாழ்க்கைக்குமேல் அந்தப் பழைய தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டவர்கள். குழாயில் காவிரி வந்துவிட்டது என்பதற்காக இறுகிப்போன எலும்பு இளகிவிடாது.

அம்மாவுக்குக் கழுத்து குனியாது. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்பையே திருப்பித்தான் பார்ப்பார். படியில் இறங்கும்போது தம் காலைத் தம்மால் பார்க்க முடியாது. ஆகவே வலது காலை முன்னால் நீட்டி, விளிம்பு எங்கே இருக்கிறது என்று பாதத்தால் தடவிப் பார்த்து, அது கிடைத்த பிறகுதான் எடையை மாற்றுவார். அந்த நேரத்தில் பற்றிக்கொள்ள ஒரு கம்பி இருந்தால் போதும், என்னைக்கூடத் தேட மாட்டார். கம்பி இல்லாத இடத்தில், பின்னால் வருகிறவர்கள் "கொஞ்சம் சீக்கிரம் பாட்டி" என்று சொல்லச் சொல்ல, சுவரில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இறங்குவார். ஊருக்குள் எங்கேயாவது வேலை இருந்தால் அன்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். போகிற இடத்தில் கழிப்பறை இருக்காது, இருந்தாலும் குத்துக்காலிட்டு உட்கார வேண்டியதாக இருக்கும், உட்கார்ந்தால் எழ முடியாது. இந்த வெயிலில் எண்பது வயதை நெருங்கும் ஒருத்தி வறண்ட தொண்டையோடு வரிசையில் நிற்கிறார் என்றால், அதற்கு அவருடைய முதுமையைக் காரணம் காட்டாதீர்கள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மேற்கத்தியக் கோப்பையில் உட்கார்ந்து, பக்கச் சுவரில் ஒரு கம்பியைப் பிடித்து எழுவதற்கு ஓர் அறை இல்லாததுதான் காரணம்.

இப்போது அந்தப் புதுக் கட்டடத்தின் முகப்பைப் பாருங்கள். படிகள் முழுக்க நம் மாவட்டங்களின் கிரானைட், முகம் தெரியும் அளவுக்குப் பாலிஷ் போட்டது. எந்தப் பாறையிலிருந்து கரைந்த தண்ணீர் இவர்களுடைய மூட்டுகளை இறுக்கியதோ, அதே பாறையை மெருகேற்றி இவர்கள் ஏற வேண்டிய படியில் பதித்திருக்கிறார்கள். தூறல் விழுந்தால் இளவட்டங்களுக்கே கால் வழுக்குகிறது. இதே கல்லின் மேற்பரப்பை நெருப்பால் சுட்டுச் சொரசொரப்பாக்கியும் நம் ஊர்ப் பட்டறைகளில் தருகிறார்கள். படிகள் எல்லாம் ஒரே கறுப்பு. எது விளிம்பு, எது அடுத்த படி என்று மங்கிய கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் மஞ்சள் பட்டை அடிக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும். சாய்தளம் என்று பக்கவாட்டில் ஒன்று வைத்திருக்கிறார்கள்தான். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. இதில் பாதி நீளம்கூட இல்லை, கைப்பிடி இல்லை, ஏறி முடிக்கும் இடத்தில் ஜெனரேட்டர் நிற்கிறது. பில் போடுவதற்காகக் கட்டப்பட்டது அது. யாரும் ஏறுவதற்காகக் கட்டப்பட்டது அன்று.

"அரசிடம் பணம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். முகப்புக்கு நீலக் கண்ணாடி வாங்கப் பணம் இருந்தது. மேற்கு வெயிலை அந்தக் கண்ணாடி முழுவதுமாக உள்ளே இழுத்துக்கொள்வதால் நான்கு ஏசி பெட்டிகள் வைக்க வேண்டியதாயிற்று. அதற்கும் பணம் இருந்தது. வாசலில் நின்ற புளியமரத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தகரக் கூரை போடவும் பணம் இருந்தது. முதியவர்களின் உடம்பு வெப்பத்தைத் தாங்காது, அவர்களுக்குத் தாகம் எடுப்பதும் குறைவு என்பது மருத்துவர்கள் சொல்வது. நிழலும், சாய்ந்து உட்கார ஒரு பெஞ்சும், காற்றும் இருந்த இடத்தை மின்சாரம் இல்லாவிட்டால் மூச்சுமுட்டும் இடமாக மாற்றிவிட்டு இதை நவீனம் என்கிறார்கள். சரியான சாய்தளத்துக்கு மின்கட்டணம் கிடையாது, ஆபரேட்டர் தேவையில்லை, அது பழுதாவதும் இல்லை. கட்டடம் நிற்கும் காலம்வரை உழைக்கும். முதலிலேயே சரியாகக் கட்டாமல் பத்து ஆண்டு கழித்துக் கான்கிரீட்டை உடைத்து, மீண்டும் சிமெண்டையும் மணலையும் கொட்டுவதுதான் உண்மையான வீண்செலவு. சுற்றுச்சூழலைப் பற்றி ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று உறுதிமொழி எடுப்பவர்கள் இதையும் கொஞ்சம் கணக்கில் சேர்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, முதியோர் வரும் பிரிவை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்ற ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. ஒரு மேசையைக் கீழே இறக்கினால் போதும்.

"சட்டமா இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 44-ஆவது பிரிவு, அணுகலுக்கான, அதாவது யாரும் தடையின்றிப் போய்வருவதற்கான, விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு அனுமதியோ நிறைவுச் சான்றோ தரக் கூடாது என்கிறது. 45-ஆவது பிரிவு ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களைத் திருத்த ஐந்தாண்டு அவகாசம் தந்தது. விதிகள் 2017 ஜூன் மாதம் வெளியாயின. அந்த அவகாசம் முடிந்தும் ஆண்டுகள் ஓடிவிட்டன. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த விதியே சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாய விதிகளை வகுக்க ஒன்றிய அரசுக்குக் கெடு விதித்தது. சான்றிதழ் வாங்கிய மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும்தானே இது என்று வாதாடுவீர்கள். சக்கர நாற்காலிக்காகப் போடும் சாய்தளத்தில் என் அம்மாவும் ஏறுவார், நிறைமாதக் கர்ப்பிணியும் ஏறுவார், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரும் ஏறுவார். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ், சிறுவயதில் போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், அனைவருக்குமான வடிவமைப்பு என்று எதைச் சொன்னாரோ அது இதுதான்: தனியாக ஒருவருக்கு ஒரு பின்வாசல் வைக்காமல், முன்வாசலையே எல்லோருக்கும் ஏற்றபடி கட்டுவது.

"இப்போது எல்லாமே ஆன்லைனில் வந்துவிட்டதே, ஏன் அலைய வேண்டும்?" என்றார் இன்னொருவர். காலமெல்லாம் கல்லுடைத்தும் புளி தட்டியும் தேய்ந்த விரலின் ரேகையை ரேஷன் கடைக் கருவியே படிக்க மறுக்கிறது. ஓடிபி வரும் கைப்பேசி மகனிடம் இருக்கிறது. மகன் பெங்களூரில் இருக்கிறான். இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

என்னை மிகவும் காயப்படுத்தியது வேறொரு பதில். "நம் பண்பாட்டில் பெற்றோரைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், இந்த வெளிநாட்டுச் சிந்தனையெல்லாம் இங்கே எதற்கு?" என்று எழுதியிருந்தார்கள். பாலக்கோட்டிலும் அரூரிலும் ஊத்தங்கரையிலும் விடியற்காலையில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் புறப்படும் பேருந்துகளைப் பார்த்ததில்லையா நீங்கள்? நம் பிள்ளைகள் மழையில்லாத காட்டை விட்டுவிட்டு அங்கே போய்க் கம்பி கட்டுகிறார்கள், சென்ட்ரிங் அடிக்கிறார்கள், லிஃப்ட்டும் சாய்தளமும் வைத்த அடுக்குமாடிகளைக் கட்டுகிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இங்கே கைப்பிடி இல்லாத படியில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள். இது பிள்ளைகளின் பாசக் குறைவு என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அம்மாவை மாடிக்கு ஏற்றுவதற்காக அவர்கள் ஊருக்கு வரவேண்டியிருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். பிள்ளை பக்கத்திலேயே இருந்தாலும்தான் என்ன? தம் ஓய்வூதியத்தைத் தாமே வாங்கவும், தம் மனுவைத் தாமே கொடுக்கவும் ஒருவருக்கு ஆசை இருக்காதா? வயதாகிவிட்டால் அந்த ஆசையும் போய்விடும் என்று யார் முடிவு செய்தது?

தேர்தல் வந்தால் மட்டும் இந்த முதியவர்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறார்கள். நான் வேலை பார்த்த பள்ளிக்கு வாக்குச்சாவடி என்பதால்தான் சாய்தளமே வந்தது. 2021-இல் எண்பது வயதைக் கடந்தவர்களுக்கும், 2024-இல் எண்பத்தைந்தைக் கடந்தவர்களுக்கும் வீட்டுக்கே வந்து வாக்கு வாங்கிச் சென்றார்கள். அதை நான் மனதார வரவேற்றேன். வாக்குச்சீட்டு வீடு தேடி வர முடியும் என்றால், உதவித்தொகைக் கோப்பு மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு வர முடியாதா?

"கொஞ்சம் பேருக்காகவா இவ்வளவு பேச்சு" என்பவர்களுக்கு: 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-இல் இது நூற்றுக்குப் பதினெட்டைத் தொடும் என்பது அரசே வெளியிட்ட மதிப்பீடு. பிள்ளைப்பேறு ஒரு தாய்க்கு இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்ட மாநிலத்தில், நாற்காலியின் இரு பக்கமும் பிடிக்க இளைஞர்கள் எங்கிருந்து வருவார்கள்? இன்று கட்டும் கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும். வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட நடுவயதுப் பொறியாளரும், என்னைப் பேசாமல் இருக்கச் சொன்ன மாணவரும் அதே படிகளின் முன்னால் முதுமையோடு வந்து நிற்கப் போகிறார்கள்.

பேருந்தைப் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் இருக்கிறது, அது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் படியே முழங்கால் உயரத்தில் இருந்தால் என் அம்மா அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவார்? சென்னையில் 2024 முதல் புதிய தாழ்தளப் பேருந்து ஓடுகிறது. முழங்கால் மடங்காதவர்கள் ஊர்தோறும் இருக்கும் நம் மாவட்டங்களுக்கு அது முதலில் வந்திருக்க வேண்டும்.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். முதியோர் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற வேண்டும். சாய்தளத்தை இடித்து விதிப்படி நீட்டிக் கட்டி, ஜெனரேட்டரை அப்புறப்படுத்த வேண்டும். படியின் இரு பக்கமும் கைப்பிடியும் விளிம்பில் மஞ்சள் பட்டையும் வேண்டும். கீழ்த்தளக் கழிப்பறையில் கம்பியோடு மேற்கத்தியக் கோப்பை வேண்டும். மரத்தை வெட்டிய இடத்தில் மரமே நட்டு, அது வளரும்வரை கீற்றுப் பந்தலும் முதுகு சாய்க்கும் பெஞ்சும் போட வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். காணொளிக்குக் கைகூப்பியவர்களில் இந்த மனுவில் கையெழுத்திட விரும்புபவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். தூக்கிச் சென்ற அந்த இரண்டு தம்பிகளையும் யாருக்காவது தெரிந்தால், முதல் கையெழுத்து அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்று நான் விரும்புவதாகச் சொல்லுங்கள்.